பெயிண்ட் டப்பாவும் நாலு இஞ்ச் பைப்பும்: மண்ணுல காத்து போற சுளுவ அளக்கறது எப்புடி

காஞ்சு கெடந்த பாத்திக்கு மொதத் தண்ணி வுடறப்ப கவனிச்சிருக்கீங்களா, வாய்மடைய வெட்டி உட்டதும் தண்ணி நொரைய தள்ளிட்டு ஓடும், ஓடிப் போயி நின்ன எடத்துல சித்த நேரத்துக்கு புளுக் புளுக்னு குமிழி வந்துட்டே இருக்கும். சின்ன வயசுல லீவுக்குப் போனா எனக்கு அதுதான் வெளையாட்டு, சோளத்தட்டுல குத்திக் குத்தி ஒடைப்பேன். "மண்ணு மூச்சு உடுது கண்ணு, உள்ள எறங்கி மிதிச்சுப் போடாத"ம்பாரு எங்க அப்புச்சி. தண்ணி உள்ள போனதும் அங்க இருந்த காத்துக்கு எடமில்லாம மேல வருது, அவ்ளோதான் விசயம்னு பின்னாடி படிச்சப்ப தெரிஞ்சுது. ஆனா மிதிக்காதன்னு சொன்னாரு பாருங்க, அதுக்குள்ள இருக்கற கணக்கு எனக்குப் புரியறதுக்கு இன்னும் இருவது வருசம் ஆச்சு. அந்தக் கணக்கத்தான் இப்ப எழுதறேன், பத்தாங்கிளாஸ் அறிவியல் ஞாபகம் இருந்தா போதும்.

மொதல்ல மண்ணுக்குள்ள எவ்ளோ காலி எடம் இருக்குன்னு பாத்தறலாம். ஒரு லிட்டர் டப்பா நெறைய தோட்டத்து மண்ண ஒலைக்காம அப்புடியே வெட்டி எடுத்து, நல்லா காய வச்சு எடை போட்டா ஒரு கிலோ முந்நூறு கிராம் பக்கம் வரும்னு வச்சுக்குங்க. மண்ணுல இருக்கற கல்லுத் துகள், அதாவது அந்த தாதுப்பொருள் மட்டும் ஓட்டை ஒடசல் இல்லாம ஒரு லிட்டர் இருந்தா 2.65 கிலோ கனக்கும். அப்ப 1.3-ஐ 2.65-ஆல வகுத்தா 0.49. ஒரு லிட்டர்ல பாதிதான் மண்ணு, மீதி 51 சதவீதம் காலி எடம். அந்த எடத்துலதான் தண்ணியும் காத்தும் பங்கு போட்டுக்குது. இதே மண்ணுமேல டிராக்டர் ஏறி ஏறி இறங்கி கெட்டித்தட்டிப் போயி லிட்டருக்கு 1.6 கிலோ ஆயிருச்சுன்னா? காலி எடம் 40 சதவீதம். 51 எங்க, 40 எங்க, பெரிய வித்தியாசம் மாதிரி தெரியலீங்கல்ல? எனக்கும் அப்புடித்தான் தோணுச்சு. ஆனா அந்த ரெண்டு மண்ணுலயும் காத்த உட்டுப் பாத்தா ஒன்னுல போற காத்துல பத்துல ஒரு பங்கு, சமயத்துல நூத்துல ஒரு பங்குதான் இன்னொன்னுல போகும். அது ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த முழுக் கதையும்.

வேருக்கு காத்து எதுக்குன்னு சுருக்கமா சொல்லிட்டுப் போயர்றேன். எலை பகல்ல ஆக்சிஜன உண்டாக்குது, ஆனா வேரு மண்ணுக்குள்ள இருட்டுல கெடந்து நம்மளாட்டவே ஆக்சிஜன எடுத்து கரியமில வாயுவ வெளிய உடுது. மண்ணுல இருக்கற கோடிக்கணக்கான நுண்ணுயிரும் அதேதான் பண்ணுது. வெளிக்காத்துல கரியமில வாயு 0.04 சதவீதம்தான், மண்ணுக்காத்துல அது பத்து மடங்கு, நூறு மடங்குகூட இருக்கும். அத வெளிய அனுப்பி ஆக்சிஜன உள்ள கொண்டாந்துட்டே இருக்கோணும். ஓட்டை பூரா தண்ணி நின்னுருச்சுன்னா தீந்துச்சு, ஏன்னா காத்துல பரவறதவிட தண்ணிக்குள்ள ஆக்சிஜன் பரவறது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சக் காட்டுல தண்ணி தேங்கி நின்னா கெழங்கு அழுகறது இதனாலயுந்தான், மூச்சு முட்டிக் கெடக்கற கெழங்குல அழுகல் பூஞ்சாணம் ஈசியா ஏறிக்கும். பொதுவா மண்ணோட மொத்தக் கன அளவுல 10 சதவீதத்துக்கும் கீழ காத்து எடம் போச்சுன்னா பெரும்பாலான பயிருக்கு தொந்தரவுன்னு ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க. நெல்லு இதுக்கு விதிவிலக்கு, அதோட தண்டுலயும் வேருலயும் காத்துக்குழா இருக்கறதால மேலிருந்தே ஆக்சிஜன எறக்கிக்கும். அதனாலதான் கோபிப் பக்கம் வயல்ல சேறடிச்சு ஓட்டை எல்லாத்தையும் வேணும்னே அடைச்சாலும் நெல்லு நல்லா வருது, அதே வயல்ல பொறகு மஞ்சளோ கரும்போ வச்சா அடியில இருக்கற சேத்துக் கெட்டி நம்மள திட்ட வைக்குது.

இப்ப ஒரு சிக்கல் இருக்கு, நெறையப் பேரு இத சொல்லாம தாண்டிப் போயர்றாங்க. மண்ணுக்குள்ள காத்து ரெண்டு விதமா நகரும். அடுப்புல கடுகு தாளிச்சா வாசம் வாசல் வரைக்கும் தானா வருது பாருங்க, ஃபேன் இல்லாட்டியும் வரும், அது பரவறது. சைக்கிள் பம்புல அழுத்தி ட்யூபுக்குள்ள ஏத்தறது அழுத்தத்தால ஓடறது. மண்ணுக்குள்ள தெனமும் நடக்கற ஆக்சிஜன் மாத்தலுக்கு பரவறதுதான் முக்கியக் காரணம், வெளிய காத்தழுத்தம் ஏறி எறங்கறதோட பங்கு கொஞ்சந்தான்னு எட்கர் பக்கிங்ஹாம்னு ஒரு அமெரிக்க இயற்பியல்காரரு 1904-லயே கணக்குப் போட்டு எழுதிட்டாரு. அப்ப நாம அழுத்தம் குடுத்து காத்த ஓட்டி அளக்கறது எதுக்குங்க, இயற்கைல அது அவ்ளோவா நடக்கறதே இல்லையே?

நியாயமான கேள்வி. அதுக்கு என்னோட பதில் அந்தியூர் சந்தைலதான் இருக்கு. மாடு வாங்கப் போறவங்க மொதல்ல வாயப் பொளந்து பல்லப் பாப்பாங்க. பல்லா ஏரு இழுக்குது? இல்ல. ஆனா பல்லு வயசச் சொல்லிப்போடும், பாக்கறதுக்கும் ரெண்டே நிமிசம். காத்து ஓட்டமும் அப்புடித்தான். மண்ணுக்குள்ள ஓட்டை எவ்ளோ பெருசு, ஒன்னோட ஒன்னு சேந்திருக்கா, நடுவுல எங்கயாச்சும் அடைச்சுக் கெடக்குதாங்கறத, மண்ண ஒலைக்காம, தண்ணி ஊத்தி அதோட அமைப்ப கெடுக்காம, சில நிமிசத்துல சொல்லிரும். பரவறத நேரடியா அளக்கோணும்னா லேப்ல மணிக்கணக்குல உக்காரோணும்.

நான் இதுக்கு வந்த வழியே வேற. பத்து வருசத்துக்கும் மேல ஸ்பின்னிங் மில்லு லேப்ல வேல பாத்தேன், பஞ்சுல மைக்ரோனேர் பாக்கறது தெனசரி சோலி. கோயமுத்தூர் திருப்பூர்க்காரங்களுக்கு இந்த வார்த்தை புதுசில்ல, "மைக் எவ்ளோ"ன்னுதான் பேலுக்கு வெலையே பேசுவாங்க. அதுல என்ன பண்றோம்? 3.24 கிராம் பஞ்ச எடுத்து ஒரு குப்பிக்குள்ள திணிச்சு ஒரே அளவுக்கு அமுக்கி, அதுக்குள்ள காத்த உட்டு எவ்ளோ போகுதுன்னு பாக்கறோம். இழை பொடுசா இருந்தா அதே எடைல இழைங்க ஜாஸ்தி, உரசற பரப்பும் ஜாஸ்தி, இழைக்கு நடுவுல சந்து சின்னது, காத்து தடுமாறும், மைக் கம்மியா காட்டும். தடிச்ச இழைன்னா காத்து தாராளமா போகும், மைக் ஏறும். ஒரு இழையக்கூட மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாக்காம இழையோட தடிமன காத்து சொல்லிருது. மதுக்கரை பக்கம் சிமெண்ட்டு பேக்டரில வேல பாக்கற ஒறம்பறை ஒருத்தருகிட்ட இத சொன்னப்ப அவரு சிரிச்சுட்டாரு, "எங்கள்துலயும் இதேதான மாப்ள பண்றோம்"னாரு. உண்மைதான், சிமெண்ட்டு எவ்ளோ நைசா அரைபட்டிருக்குன்னு பாக்கற பிளெய்ன் டெஸ்டுலயும் சிமெண்ட்டுத் தூள அமுக்கி வச்சு காத்தத்தான் ஓட்டறாங்க, 1943-லருந்து இருக்கற முறை அது. பஞ்சு, சிமெண்ட்டு, மண்ணு, மூனுக்கும் கேள்வி ஒன்னுதான்: காத்துக்கு வழி எப்புடி?

சரி, இப்ப அந்த 51-க்கும் 40-க்கும் வருவோம். ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. எளநி குடிக்கற ஸ்ட்ரா ஒன்னு, மை தீந்துபோன பேனா ரீஃபில் ஒன்னு, ரீஃபில் முனைய பல்லுல கடிச்சுப் புடுங்கிட்டு (மை ஒட்டுனா என்னைய திட்டாதீங்க) ரெண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டி வாய்ல வச்சு ஊதுங்க. ஸ்ட்ராவுல ஊதறது தெரியவே தெரியாது, ரீஃபில்ல கன்னம் உப்பிக்கும். ஸ்ட்ராவோட உள்பக்கம் ஆறு மில்லிமீட்டரு, ரீஃபில் ரெண்டு மில்லிமீட்டருன்னு வச்சுக்குவோம். மூனு மடங்கு அகலம். அப்ப வாய் பரப்பு ஒம்போது மடங்கு, ஒம்போது ரீஃபில ஒன்னா கட்டி ஊதுனா ஸ்ட்ராவுக்கு சமம் ஆயிருமா? ஆகாது. மெதுவா ஒழுங்கா போற ஓட்டத்துக்கு குழாயோட ஆரத்த நாலு தடவ பெருக்கோணும், மூனு மூனா ஒம்போது, ஒம்மூனு இருவத்தேழு, இன்னொரு மூனு போட்டா 81. எம்பத்தோரு ரீஃபில் வேணுமுங்க ஒரு ஸ்ட்ராவுக்கு ஈடா! இந்த நாலாம் அடுக்குக் கணக்க கண்டுபுடிச்சவரு பாய்சொய்ன்னு ஒரு பிரான்ஸ் நாட்டு டாக்டரு, 1840 வாக்குல, அவருக்கு வேண்டியது மண்ணு இல்ல, மெல்லிசான ரத்தக்குழாய்ல ரத்தம் எப்புடி ஓடுதுன்னு தெரிஞ்சுக்க மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல தண்ணிய ஓட்டிப் பாத்தாரு.

மண்ணுல மண்புழு போன ஓட்டை, செத்த வேரு மக்கி உட்டுட்டுப் போன ஓட்டை, மண்கட்டிக்கு நடுவுல இருக்கற விரிசல், இதெல்லாம் ஸ்ட்ரா. மண்கட்டிக்குள்ளயே இருக்கற பொடி ஓட்டைங்க ரீஃபில், ரீஃபில்கூட இல்ல, மயிரிழை. டிராக்டர் டயரோ மாட்டுக் குளம்போ அமுக்கறப்ப மொதல்ல நசுங்கறது ஸ்ட்ராதான், பொடி ஓட்டைங்க அப்புடியே இருக்கும். காலி எடம் 51-லருந்து 40-க்கு, 11-தான் கொறைஞ்சுதுன்னு பாத்தோமே, அந்த 11-ம் ஸ்ட்ரா கணக்குலருந்து போனது. வங்கியில இருந்து போன நோட்டு கம்மிதான், ஆனா போனது பூரா ஐநூறு ரூவா நோட்டு மாதிரி. எங்கப்புச்சி மிதிக்காதன்னது ஈரமா இருக்கறப்ப, அதுவும் முக்கியம், ஈர மண்ணு காஞ்ச மண்ணவிட சுளுவா நசுங்கிரும்.

இப்ப அளவுக்கு வருவோம். 1856-ல ஹென்றி டார்சின்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியரு தீஜோன் ஊருக்கு குடிதண்ணி சப்ளை பண்ற வேலைல மணல் வழியா தண்ணி எப்புடிப் போகுதுன்னு பாத்து ஒரு விதி எழுதுனாரு. காத்துக்கும் அதே விதிதான் செல்லும். நீங்க அழுத்தத்த ரெட்டிச்சா ஓட்டம் ரெட்டிக்கும், மண்ணோட நீளத்த ரெட்டிச்சா ஓட்டம் பாதியாகும், பரப்பு ரெட்டிச்சா ஓட்டமும் ரெட்டிக்கும், ஓடற பொருளு பிசுபிசுப்பா இருந்தா ஓட்டம் கொறையும். இத்தனையும் கழிச்சுட்டா மிச்சம் நிக்கற ஒரு எண்ணு இருக்கு பாருங்க, அது அந்த மண்ணோட சொந்தக் குணம். அதத்தான் காத்து ஊடுருவும் திறன்னு சொல்றாங்க, நான் கட்டுரைல ஊடுருவு எண்ணுன்னே சொல்லிக்கறேன். இதோட அலகு சதுர மைக்ரோமீட்டர். நீளத்துக்கு மீட்டர், நேரத்துக்கு செகண்டுங்கற மாதிரி, இதுக்கு என்ன கணக்குல பரப்பு வருதுன்னு கொழம்ப வேண்டாம், ஓட்டைங்களோட குறுக்குப் பரப்புக்கு சம்பந்தப்பட்ட எண்ணுன்னு மட்டும் ஞாபகம் வச்சா போதும்.

வயல்லயே வச்சு இத அளக்கற முறைய 1946-ல டான் கிர்க்கம்னு அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்து மண் அறிவியல்காரரு எழுதுனாரு, ஒரு டேங்குல காத்த கொஞ்சமா அடைச்சு அத மண்ணுக்குள்ள உட்டு அழுத்தம் எவ்ளோ வேகமா எறங்குதுன்னு பாக்கறது. 1955-ல குரோவர்னு ஒருத்தரு அத இன்னும் சுளுவாக்கிட்டாரு, தண்ணி மேல ஒரு டப்பாவ கவுத்து மெதக்க உட்டு, டப்பாவோட எடையே காத்த மண்ணுக்குள்ள தள்ளற மாதிரி. டப்பா எறங்கற வேகந்தான் அளவு. மீட்டரு வேண்டாம், கரண்டு வேண்டாம், பாத்த ஒடனே எனக்கு இத நம்மூட்டுலயே செஞ்சறலாம்னு பட்டுச்சு.

செஞ்சது இப்புடித்தான். இருவது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுல முக்கால்வாசி தண்ணி. அதுக்குள்ள தாராளமா ஏறி எறங்கற மாதிரி சின்ன பெயிண்ட் டப்பா ஒன்னு, மூடிய கழட்டிட்டு தலகீழா. டப்பாவோட குறுக்களவு 20 சென்டிமீட்டர்னு கணக்குக்கு வச்சுக்கறேன், உங்க டப்பா எவ்ளோவோ அத அளந்துக்குங்க. அடிப்பக்கம் (இப்ப அதுதான் மேல) ஒரு ஓட்டை போட்டு கொத்தனாருங்க மட்டம் பாக்கற ட்யூப சொருகி எம்-சீல் வச்சு அடைச்சேன். டப்பா ஒரு பக்கமா சாயாம இருக்க நாலு பக்கமும் மூங்கில் குச்சி. மேல ஒரு கல்லு, டப்பாவும் கல்லும் சேந்து ஒரு கிலோ. மறுபக்கம், நாலு இஞ்ச் பிவிசி பைப்ப பதினஞ்சு சென்டிமீட்டருக்கு வெட்டி, ஒரு வாய வெளிப்பக்கமா அரத்துல சரிவா தேச்சு கூராக்கி, அதுமேல பலகை வச்சு சுத்தியல்ல மெதுவா பத்து சென்டிமீட்டரு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள எறக்கறது. பைப்போட தலைக்கு எண்டு கேப்பு, கேப்புல ஓட்டை போட்டு ட்யூபோட மறுமுனை. டப்பாவ மேல தூக்கி காத்து நெரப்பிட்டு, ட்யூப கைல மடிச்சுப் புடிச்சு, மொபைல்ல ஸ்டாப்வாட்ச போட்டுட்டு கைய உட்டா டப்பா எறங்க ஆரம்பிக்கும். டப்பா மேல ஸ்கேல ஒட்டி வச்சிருந்தீங்கன்னா பத்து சென்டிமீட்டரு எறங்க எத்தன செகண்டுன்னு பாத்தா முடிஞ்சுது. மொதவாட்டி நான் கேப்ப சரியா மாட்டாம காத்து ஓரத்துல ஒழுகி, டப்பா கடகடன்னு எறங்குனதப் பாத்து ஆஹா நம்ம மண்ணு என்னம்மா இருக்குன்னு சந்தோசப்பட்டது தனிக் கதை.

கணக்கு போடறது பெரிய வித்தை இல்லீங்க. ஒரு கிலோ எடை 20 சென்டிமீட்டர் வட்டத்து மேல உக்காந்தா அழுத்தம் 312 பாஸ்கல் பக்கம், அதாவது மூனே கால் சென்டிமீட்டரு தண்ணி ஒசரத்தோட அழுத்தம், அவ்ளோதான், ஸ்ட்ராவுல எளநி உறிஞ்சறதவிட கம்மி. டப்பா பத்து சென்டிமீட்டரு எறங்குனா 3.14 லிட்டர் காத்து மண்ணுக்குள்ள போயிருக்கு. 40 செகண்டுல எறங்குச்சுன்னு வைங்க, செகண்டுக்கு 78 மில்லிலிட்டரு (0.000078 கன மீட்டர்). இந்த ஓட்டத்த, காத்தோட பிசுபிசுப்பு எண்ணால (0.0000185 பாஸ்கல் செகண்டு) பெருக்கி, மண்ணோட நீளம் 0.1 மீட்டரால பெருக்கி, பைப்போட பரப்பு (உள்வட்டம் 10 சென்டிமீட்டர்னா 0.00785 சதுர மீட்டர்), அழுத்தம் 312 ரெண்டாலயும் வகுத்தா வர்றது ஏறக்குறைய 60 சதுர மைக்ரோமீட்டர். நல்ல மண்ணு. 400 செகண்டு ஆச்சுன்னா 6. நாப்பது நிமிசம் ஆச்சுன்னா 1. ஒன்னுக்கும் கீழ போயிருச்சுன்னா அந்த மண்ண கிட்டத்தட்ட அடைபட்ட மண்ணாத்தான் ஆராய்ச்சிக்காரங்க பாக்கறாங்க.

ஒரு நேர்மையான குறிப்பு. பைப்ப நட்டபடியே அளக்கறப்ப காத்து பத்து சென்டிமீட்டரு கீழ போனதும் நேரா பாதாளத்துக்கா போகும், வளைஞ்சு சுத்தி மேல வந்து வெளியேறும், அதுக்கு ஒரு வடிவக் காரணின்னு தனித் திருத்தம் போடோணும். அந்தத் தலவலி வேண்டாம்னா மண்ணோட பைப்ப சுத்தியும் தோண்டி எடுத்து, அடிப்பக்கம் மண்ண கத்தில சீவி சமமாக்கி ரெண்டு செங்கல்லு மேல அடி தெறந்திருக்கற மாதிரி வச்சு அளங்க, மேல போட்ட கணக்கு அப்ப நேரா பொருந்தும். நான் தோட்டத்துல எடத்துக்கு எடம் ஒப்பிட மட்டும் நட்டபடியே செகண்ட எழுதி வச்சுக்கறேன், எண்ணு என்னங்கறதவிட எது எதுக்கு எத்தன மடங்குங்கறதுதான் எனக்கு வேணும்.

இதுல சறுக்கி உழற எடம் மூனு நாலு இருக்கு. பெருசு ஈரம். தண்ணி பாச்சுன அன்னிக்கு எந்த நல்ல மண்ணும் டப்பாவ எறங்க உடாது, ஓட்டை பூரா தண்ணிதான. ரெண்டு நாளு கழிச்சு பெரிய ஓட்டைல தண்ணி வடிஞ்சு காத்து வந்துரும், பொடி ஓட்டைல மட்டும் தண்ணி நிக்கும். நாம கேக்கறது பெரிய ஓட்டை எப்புடின்னுதான, அதனால அளக்க அதுதான் பதம். லேப்ல இதையே சரியா பண்ண மண்ணு மாதிரிய 100 சென்டிமீட்டர் தண்ணி ஒசரத்துக்கு சமமான இழுவைல வச்சு வடிய உடுவாங்க, அப்ப 30 மைக்ரோமீட்டருக்கு மேல அகலமான ஓட்டை எல்லாம் காலியாயிரும். ஈரம் என்னன்னு சொல்லாம ஊடுருவு எண்ண மட்டும் ஒருத்தரு சொன்னாருன்னா அது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு சொல்லாத சுகர் ரிப்போர்ட்டு.

ரெண்டாவது, கரிசல். பல்லடம் உடுமலைப் பக்கம் கரிசக்காடு சித்திரை வெயில்ல விரல் நொழையற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும், அந்த வெடிப்பு மேல பைப்ப வச்சா டப்பா தொப்புனு உக்காந்துக்கும். அது மண்ணோட குணம் ஆகாது, வெடிப்போட குணம். மழை வந்து மண்ணு உப்புனதும் வெடிப்பு மூடிக்கும், அப்ப அதே எடத்துல டப்பா அசையாது. செம்மண்ணுல இந்த ஆட்டம் கம்மி. மண்ணு ஆய்வு பண்றவங்க நம்மூருச் செம்மண்ணு ஒன்னுக்கு இருகூர் தொடர்னும், கரிசல் ஒன்னுக்கு பெரியநாயக்கன்பாளையம் தொடர்னும் பேரு வச்சிருக்காங்க, பஸ் ஸ்டாப்பு பேரு மாதிரி இருக்கேன்னு மொதல்ல படிச்சப்ப சிரிச்சேன். இருகூர் ரிசல்ட்ட பெரியநாயக்கன்பாளையத்தோட ஒப்பிட்டு இதுதான் நல்ல மண்ணுன்னு சொல்றது வேலைக்காகாது.

அப்பறம் அழுத்தம். சீக்கிரம் முடியட்டும்னு கல்ல கூட்டிட்டே போகக் கூடாது. ஓட்டம் வேகமானா சுழல ஆரம்பிச்சுரும், டார்சி விதி பொருந்தாது, போதாக்கொறைக்கு ஓட்டைல நிக்கற தண்ணியையும் காத்து தள்ளி உட்டுரும். பைப்பு ஓரத்துல ஒழுக்கு இருந்தாலும் போச்சு, உள்பக்கம் ஓரமா களிமண்ண கொழைச்சு பூசிக்குங்க. இன்னொன்னு, மண்ணே இல்லாம வெறும் ட்யூப் வழியா டப்பா எறங்க எவ்ளோ நேரமாகுதுன்னு ஒரு தடவ பாத்துக்குங்க, அதுவே இருவது முப்பது செகண்டு எடுத்தா நீங்க அளக்கறது ட்யூப, மண்ண இல்ல. பெரிய ட்யூபா மாத்துங்க.

எங்க தென்னந்தோப்புல பாத்தத சொல்றேன், செம்மண்ணு, தண்ணி பாச்சி ரெண்டாம் நாளு. மட்டையும் மஞ்சியும் போட்டு மூடாக்கு வச்ச மரத்தடில அம்பது செகண்டு. ரெண்டு வரிசைக்கு நடுவுல, டிராக்டரு டயரு ஓடற தடத்துல, டப்பா எறங்கவே இல்ல, சாளைக்குப் போயி டீ வச்சுக் குடிச்சுட்டு வந்தேன், ரெண்டு கோடு எறங்கியிருந்துச்சு. நடுவுக்கும் மரத்தடிக்கும் ஆறடிகூட இல்லீங்க. சரின்னு தடத்துலயே ஒரு மொழம் தள்ளி இன்னொரு எடத்துல நட்டேன், அஞ்சே செகண்டுல டப்பா அடில உக்காந்துருச்சு! பைப்ப புடுங்கிப் பாத்தா உள்ள ஒரு எறும்புப் பொந்து நேரா கீழ போகுது. ஒரே ஒரு ஸ்ட்ரா மொத்தக் கணக்கையும் மாத்திருச்சு. அதனால ஒரு எடத்துல ஒன்னு வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏழு எட்டு தடவையாவது நட்டுப் பாத்து, வந்த செகண்ட சின்னதுலருந்து பெருசா வரிசையா எழுதி நடுவுல வர்றத எடுத்துக்குங்க. கூட்டி சராசரி போட்டா அந்த எறும்பும் டீ குடிச்ச நேரமும் சேந்து உங்கள ஏமாத்திப்போடும்.

அளந்து என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அடில கெட்டித்தட்டு இருந்தா உளிக்கலப்பைய அரை மீட்டர் எடவெளில ஒரு தடவ நெட்டுக்கும் ஒரு தடவ குறுக்குக்கும் ஓட்டச் சொல்லி நம்ம வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுது, மூனு வருசத்துக்கு ஒருக்கா, கூடவே ஏக்கருக்கு அஞ்சு டன்னு தொழுவுரமோ மக்குன நார்க்கழிவோ. ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஓட்டி நாலஞ்சு தண்ணி போனதுக்கப்பறம் ஒரு தடவ டப்பாவ எறக்கிப் பாருங்க, காசுக்குத் தகுந்த வேல நடந்துச்சான்னு தெரியும். ஓட்டுன மறுநாளே பாக்காதீங்க, அப்ப எல்லாம் பிரமாதமாத்தான் இருக்கும். ரொட்டவேட்டருக்கும் இதே கதைதான். ஓட்டுன அன்னிக்கு மண்ணு மாவு மாதிரி இருக்கும், டப்பா சடக்குனு எறங்கும், மனசுக்கு சுகமா இருக்கும். நாலு மழை பேஞ்சதும் அந்த மாவு படிஞ்சு மேல பொருக்கு கட்டிக்கும். என் அனுபவத்துல ஒம்போது கொத்துக் கலப்பைல ஓட்டி கட்டி கட்டியா கெடந்த காடு பாக்க அழகில்லாட்டியும் ரெண்டு மாசங்கழிச்சு டப்பா அதுலதான் வேகமா எறங்குச்சு, பக்கத்துத் தோட்டத்து மாமா இத ஒத்துக்க மாட்டேங்கறாரு, அது வேற.

போரு தண்ணி உப்பா இருக்கறவங்க இன்னொன்னும் பண்ணிப் பாக்கலாம். ஒரே மண்ணுல காத்த உட்டும் அளந்து, அப்பறம் தண்ணிய உட்டும் அளந்து, ரெண்டு ஊடுருவு எண்ணையும் வகுத்துப் பாக்கற ஒரு யோசனைய 1953-ல ரீவ்னு ஒருத்தரு எழுதியிருக்காரு. மண்ணு கல்லு மாதிரி நெலையா நிக்கற பொருளா இருந்தா ரெண்டும் ஏறத்தாழ ஒன்னாவே வரோணும், ஏன்னா பிசுபிசுப்பு வித்தியாசத்த ஏற்கெனவே கணக்குல கழிச்சாச்சு. காத்து எண்ணு பெருசா வந்து தண்ணி எண்ணு சிறுத்துப் போச்சுன்னா, தண்ணி பட்டதும் மண்கட்டி கரைஞ்சு ஓட்டைய அடைக்குதுன்னு அர்த்தம். சோடியம் உப்பு ஏறுன மண்ணுல இது பளிச்சுனு தெரியும், களித்துகள் ஒன்னோட ஒன்னு ஒட்டாம பிரிஞ்சு போயி சந்து பூரா அடைச்சுக்கும். காஞ்சா பொலபொலன்னு நல்லாத்தான் இருக்கு, தண்ணி உட்டா மட்டும் நின்னுக்குதுன்னு சில பேரு சொல்லுவாங்க பாருங்க, அந்த மாதிரிக் காட்டுக்கு இந்த ரெட்டை அளவு பொருத்தம்.

நோட்டுல எழுதறப்ப நாலு கட்டம் போட்டுக்குங்க: தேதி, எந்த எடம், தண்ணி பாச்சி எத்தனாவது நாளு, பத்து சென்டிமீட்டருக்கு எத்தன செகண்டு. கல்ல மாத்தக் கூடாது, அதே கல்லு. எங்க கல்ல போன வாரம் யாரோ பையன் மாங்கா அடிக்க எடுத்துட்டுப் போயிட்டான், இப்ப ஒரு கிலோவுக்கு வேற கல்லு தேடி அரிசிக்கடைத் தராசுல நின்னுட்டு இருக்கேன்.